கொட்டை செய்த வேலை

பெங்களூர் தள்ளுவண்டிகளில் இரண்டு திராட்சைகளுக்குள் போட்டி. 'சீட்லெஸ்' என்று கூவி விற்கப்படும் பச்சைத் திராட்சை ஒன்று. தடித்த தோலும் கொட்டையுமாக, வாசனையாலேயே ஆளைக் கூப்பிடும் 'பெங்களூர் புளூ' மற்றொன்று. ஜெயிப்பது எது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் கொட்டையில்லாத பழத்துக்குச் செலவு அதிகம். தாம்சன் சீட்லெஸ் ரகத்தில் விதை உருவாகத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகிறது. பழத்தைப் பருக்க வைக்கும் ஜிப்ரலின் ஹார்மோனைச் சுரப்பது விதைதான். அது இல்லாவிட்டால் பழம் சிறுத்துப்போகும். எனவே விவசாயி ஜிப்ரலிக் அமிலக் கரைசலைத் தெளிக்கிறார். குலைகளை அதில் முக்கியும் எடுக்கிறார். விதை இலவசமாகச் செய்த வேலை! இலையிலும் பழத்திலும் புள்ளி விழும் பறவைக்கண் நோய் வந்தால் மருந்துச் செலவு தனி.

தேவனஹள்ளி, சிக்கபள்ளாபூர் பக்கம் விளையும் பெங்களூர் புளூ அந்த நோயைத் தாங்கும். வருஷத்துக்கு இரண்டு அறுவடை தரும். 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் அதில் பெரும்பங்கு ஜூஸுக்கும் ஒயினுக்கும்தான் போகிறது.

ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பிளாக் சம்பாவையும் தாம்சனையும் கலந்து, நோய் தாங்கும் 'அர்க்கா நீலமணி'யை உருவாக்கியது. கறுப்புப் பழம், கொட்டையும் கிடையாது. அந்தப் பெயரைச் சொல்லி எந்த வண்டிக்காரரும் கூவி நான் கேட்டதில்லை.