ஆடு தின்னாததை ஆய்வின்றி நாம் தின்பதா?

'இயற்கை தந்தது, இன்னல் செய்யாது' என்கின்றனர். எட்டியும் இயற்கை தந்ததே! அரளியும் இயற்கை தந்ததே! அரைத்துக் குடித்துக் காட்டுவரோ இந்த இயற்கைப் பித்தர்?

ஆடுதின்னாப்பாளை என்றொரு கொடி. வயிற்றுப் பூச்சிக்கும் பாம்புக்கடிக்கும் மருந்தென்று நம் நாட்டு வைத்தியம் பேசும். அதன் இனத்துச் சீனக் கொடியொன்று, பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில், உடல் மெலிய மருந்துண்ட பெண்களுக்கு வேறொரு மூலிகை என்ற பெயரில் போய்ச் சேர்ந்தது. 1993-இல் மருத்துவர்கள் அச்செய்தியை உலகுக்கு உரைத்தனர். சிறுநீரகம் நைந்தோர் நூற்றுக்கு மேல். பலருக்குப் புற்றும் பின்தொடர்ந்தது. காரணம், அரிஸ்டலோக்கிக் அமிலம். நம் ஆடுதின்னாப்பாளையிலும் அஃதுண்டு. (ஆட்டுக்கு இருக்கும் அறிவு!)

ஆயிரமாண்டுப் பட்டறிவு என்று மார்தட்டுவோரே! உண்டவுடன் வீழ்த்தும் நஞ்சைப் பட்டறிவு காட்டும், ஒப்புகிறோம். பத்தாண்டு கழித்துக் கொல்லும் நஞ்சை எந்த ஓலைச்சுவடி கண்டது? உண்டவன் மாள்வான், ஊரார் விதியென்பர், வைத்தியர் புகழுக்கு மட்டும் ஊறில்லை.

ஆங்கில மருந்து மட்டும் யோக்கியமோ என்பர். இல்லை! தாலிடமைடு பிஞ்சுகளை முடமாக்கியது. 1961-இல் அதை விலக்கினர். 1962-இல் அமெரிக்கா மருந்துச் சட்டத்தையே இறுக்கிற்று. இங்கோ, பழநூலில் கண்டபடி செய்த மருந்துக்குப் பாதுகாப்பு ஆய்வே வேண்டியதில்லை என்கிறது, மருந்து விதிகளின் 158பி. ஏடு சொன்னால் போதுமாம்! வேதத்தையே வினவத் துணிந்த நாம், சித்தர் பெயர் கேட்டால் வாய்பொத்துவதா?

எலிக்குத் தந்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் சோதிக்கட்டும். நீரில் வடித்த சாறு வேறு, சாராயத்தில் வடித்தது வேறு. இரண்டையும் தனித்தனியே சோதிக்கட்டும். தேறினால் சித்தருக்கே பெருமை. தேறாத புட்டியைக் கடையிலிருந்து எடுக்கட்டும்.