வியர்வைக்கும் ஒரு கணக்கு வேண்டும்

உடல் சோர்ந்து விழும்வரை பயின்றால்தான் பயிற்சி என்னும் எண்ணம் விளையாட்டு உலகில் ஆழ வேரூன்றியுள்ளது. எவ்வளவு வியர்வை சிந்தியது என்று பார்க்கிறோமே தவிர, அந்த உழைப்பு வீரரை வளர்த்ததா, வருத்தியதா என்று கேட்பதில்லை. ஜூடோவுக்கு இவ்வெண்ணம் சிறிதும் பொருந்தாது என்பது என் கருத்து.

1882ஆம் ஆண்டு டோக்கியோவில் ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோ ஒரு கல்வியாளர். உள்ளத்தின் ஆற்றலையும் உடலின் ஆற்றலையும் வீணாக்காமல் பயன்படுத்துவதே அவர் வகுத்த கொள்கை. சிக்கனத்தைக் கற்பிக்கும் கலையில் செலவுக் கணக்கே எழுதாதிருப்பது முறையாகுமா?

ஓட்டக்காரரின் உழைப்பைத் தூரத்தாலும் நேரத்தாலும் அளந்துவிடலாம். ஜூடோவில் அது எளிதன்று. எதிராளியின் சட்டையைப் பற்றி மல்லுக்கட்டும் வீரர் நின்ற இடத்திலேயே நிற்கக்கூடும். ஆனால் அவருடைய முன்கைகள் இறுகித் தளர்ந்திருக்கும். அந்தக் களைப்பை நாடித்துடிப்பும் முழுமையாகக் காட்டாது. எதிராளியின் எடை கூடினால், அதே ஐந்து நிமிடம் இருமடங்காகத் தோன்றும்.

போலந்து நாட்டு ஸ்டெர்கோவிச் 1995இல் ஜூடோவுக்கென்றே ஒரு சோதனையை வெளியிட்டார். ஒத்த உடல்வாகுடைய இருவர் ஆறு மீட்டர் இடைவெளியில் நிற்பர். நடுவிலிருந்து புறப்படும் வீரர் இருவரிடமும் மாறி மாறி ஓடித் தோள்மேலாக எறிய வேண்டும். 15, 30, 30 நொடிகளாக மூன்று சுற்றுகள். இடையே 10 நொடி ஓய்வு. முடிந்தவுடன் எடுத்த நாடித்துடிப்பையும் ஒரு நிமிடம் கழித்து எடுத்ததையும் கூட்டி, எறிந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். துடிப்பு 180, 150 என்றும், எறிந்தவை 25 என்றும் கொண்டால் விடை 13.2. இவ்விடை குறையக் குறைய உடல்தகுதி மிகுகிறது என்று பொருள்.

இது தகுதியை அளக்கும். அன்றாடச் சுமையை அளக்க அமெரிக்கரான கார்ல் ஃபாஸ்டர் காட்டிய வழி இன்னும் எளியது. பயிற்சி முடிந்து அரைமணி கழித்து, ‘எவ்வளவு கடினமாக இருந்தது?’ என்று வீரரைக் கேட்டு, 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்ல வேண்டும். அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கினால் சுமை கிடைக்கும். 90 நிமிடப் பயிற்சிக்கு 7 என்றால் 630. 60 நிமிடத்திற்கு 4 என்றால் 240.

வீரர் சொல்வதை நம்பலாமா என்று சிலர் கேட்பர். சோம்பலால் கூட்டிச் சொல்பவர் இருக்கலாம். ஆனால் அணியில் இடம் போய்விடுமோ என்றஞ்சி, 9 என்பதை 5 என்று குறைத்துச் சொல்பவரைப் பற்றியே நான் கவலைப்படுகிறேன். ஆகவே இவ்வெண்களைக் கொண்டு வீரரைத் தேர்ந்தெடுப்பதோ தண்டிப்பதோ கூடாது. பயிற்சியாளர் 5 என்று திட்டமிட்டதை வீரர் 8 என்றால், அந்த வேறுபாட்டிலேதான் செய்தி இருக்கிறது. உறக்கமின்மையோ, எடைப்பிரிவுக்காக விட்ட உணவோ, ஆறாத தோள்வலியோ அதன் பின்னால் இருக்கலாம். அதை விசாரித்தறிவது பயிற்சியாளரின் கடமை. மறைக்காமல் உரைப்பது வீரரின் கடமை.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு கடிகாரமும் ஒரு குறிப்பேடும் போதும். அவற்றைவிட அரியது, ‘இன்று முடியவில்லை, ஐயா’ என்று ஒரு மாணவர் அச்சமின்றிச் சொல்லக்கூடிய சூழல். அதை உருவாக்காமல் எத்தனை எண்களைக் குறித்தாலும் அவை வெறும் எண்களே.