ராஜாஜி நம்மள ஆளல்லியே!

ஜூன் மாதம் கடியப்பட்டணத்துக்குப் போனால், விசைப்படகில் போகும் ஆண்களை வீட்டிலேயே பார்க்கலாம். தடைக்காலம். தங்கை வீட்டுத் திண்ணையில் அவள் மகன் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். படிப்பு என்றால் மனப்பாடம்தான். "ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா, ராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம், அண்ணா..." ஜெபமாலை சொல்வதுபோல ஒரே ராகத்தில் போய்க்கொண்டிருந்தது.

வலை பொத்திக்கொண்டிருந்த பெரியப்பா தலையை நிமிர்த்தினார். 1938இல் பிறந்தவர். காது சற்று மந்தம், ஆனால் தப்பு மட்டும் கேட்டுவிடும்.

"எலே மக்களே, ராஜாஜி எப்பம் நம்மள ஆண்டாரு?"

"1952 பாட்டா. 52லேருந்து 54 வரைக்கும்."

"அது மெட்ராஸ்காரனுக்கு. இஞ்ச அப்பம் ஜான்லா!"

பையன் என்னைப் பார்த்தான். பெரியப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று அந்தப் பார்வை சொன்னது. நான் அவன் நோட்டை வாங்கி, நடுவில் ஒரு கோடு கிழித்தேன். இடப்பக்கம் அவன் மனப்பாடம் செய்த பட்டியல். வலப்பக்கம் எங்கள் ஊருக்கு உரியது.

1947 ஆகஸ்டில் சென்னையில் ஓமந்தூரார் பிரதமராக இருந்தார். அன்று மாகாணத் தலைவருக்கு அதுதான் பெயர். கடியப்பட்டணமோ கல்குளம் தாலுகாவில், திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், திவான் ஆட்சியில் இருந்தது. வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்து 1948 தொடக்கத்தில் அங்கே தேர்தல் நடந்தது. அந்த மார்ச்சில் பட்டம் தாணுப்பிள்ளை பொறுப்பேற்றார். ஏழு மாதம்கூட நிற்கவில்லை. அக்டோபரில் பறவூர் டி.கே. நாராயண பிள்ளை வந்தார். அவர் காலத்தில்தான் 1949 ஜூலை 1 அன்று கொச்சி வந்து சேர்ந்து, திரு-கொச்சி ஆனது. 1951இல் சி. கேசவன், 1952இல் ஏ.ஜே. ஜான், 1954இல் மறுபடியும் பட்டம், 1955இல் பனம்பிள்ளி கோவிந்த மேனன். 1956 மார்ச்சில் அதுவும் கவிழ்ந்து, குடியரசுத் தலைவர் ஆட்சி. எட்டு வருடத்தில் ஐந்து பேர், ஆறு அமைச்சரவை. ஒருவர் பெயர் வாயில் பழகும் முன்னே அடுத்தவர் வந்துவிடுவார்.

1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகி, சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதுவரை அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருந்த தலைநகரம் எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் போனது. நோட்டில் இரண்டு பத்திகளும் காமராஜர் பெயரில் வந்து ஒன்றாயின. அதற்கு மேலே இருக்கும் ஓமந்தூராரும் குமாரசாமி ராஜாவும் ராஜாஜியும் எங்களை ஒரு நாளும் ஆண்டவர்கள் இல்லை. ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து அந்தப் பக்கம் ஊரே கொதித்தபோது, இந்தப் பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது வேறு உலை.

"அப்பம் ஜான் என்ன ஆனாரு பாட்டா?" என்றான் பையன்.

அவர் எங்கள் பின்னாலேயே வந்தார் என்பதுதான் வேடிக்கை. இணைப்பு நடந்த மறுமாதமே, 1956 டிசம்பரில், ஏ.ஜே. ஜான் சென்னை மாநிலத்தின் ஆளுநரானார். 1957 தேர்தலுக்குப் பின் காமராஜர் அமைத்த எட்டுப் பேர் அமைச்சரவையில் ஒரே பெண், எங்கள் குளச்சல் தொகுதியின் லூர்தம்மாள் சைமன். மீன்வளமும் உள்ளாட்சியும் அவர் கையில். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத மாவட்டத்தின் கடற்கரைக்கு மீன்வளத் துறையே கிடைத்தது. அந்த அமைச்சரவை பதவியேற்றபோது ஆளுநராக இருந்தவர் எங்கள் பழைய முதலமைச்சர். எந்த வழிகாட்டி நூலிலும் இது கேள்வியாக வராது. எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

காமராஜர் கணக்கும் எங்களுக்கு வேறு. 1963 அக்டோபர் 2 அன்று அவர் பதவி விலகியதோடு பாடப்புத்தகம் அவரை விட்டுவிடுகிறது. நாங்கள் விடவில்லை. 1967இல் சொந்த ஊர் விருதுநகரில் அவர் தோற்றார். மறு வருடம் நாகர்கோவில் எம்.பி. நேசமணி காலமானார். 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் இந்த மாவட்டம் காமராஜரை டெல்லிக்கு அனுப்பியது. 1971இலும் அனுப்பியது. 1975இல் அதே அக்டோபர் 2 அன்று கண்ணை மூடும்வரை அவர் நாகர்கோவிலின் எம்.பி. முதலமைச்சர் பட்டியலில் எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஒருவருக்கு நாங்கள் நேராக ஓட்டுப் போட்டிருக்கிறோம். பெரியப்பா போட்டிருக்கிறார். எத்தனை முறை சொன்னாலும் அன்று வெட்டின பாறை மீன்போலப் புதிதாகச் சொல்வார்.

அதன் பிறகு வந்தவர்களைக் கடற்கரை வருடத்தால் நினைவு வைப்பதில்லை, கடலால் நினைவு வைக்கிறது. கன்னியாகுமரிப் பாறையில் 133 அடி வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது என்றால் கலைஞர். 2004 சுனாமி என்றால் ஜெயலலிதா. 2017 ஒக்கிப் புயல் என்றால் எடப்பாடி. சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைத்த கண்ணாடிப் பாலம் என்றால் 2024இன் கடைசியில் ஸ்டாலின். ஜானகி அம்மாளின் இருபத்து நான்கு நாளும், நெடுஞ்செழியன் இரண்டு தடவை இடைக்காலமாக இருந்ததும், ஓ. பன்னீர்செல்வத்தின் மூன்று தவணைகளும் தேர்வு எழுதுகிறவன் கவலை.

இதில் இன்னொன்று உண்டு. வலப்பக்கப் பத்தி 1956இல் முடிந்துவிட்டதாகக் கோடு கிழித்தேனே, அது முழு உண்மை இல்லை. கொச்சியிலும் கொல்லத்திலும் தொழில் பார்க்கும் எங்கள் ஆட்களுக்குத் திருவனந்தபுரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் சோற்றுக் கேள்விதான். கடலும் அப்படியே. தமிழ்நாட்டின் கிழக்குக் கரைக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எங்கள் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சென்னைக்காரன் கடலுக்கு இறங்கும்போது எங்கள் விசைப்படகுகள் துறையில் கட்டிக் கிடக்கும். சட்டமன்றம் மாறினாலும் பருவமழை கட்சி மாறவில்லை.

ஒக்கியில் காணாமற்போனவர்களுக்காக ஊர் ஊராக ஒப்பாரி எழுந்த நாட்களில், இரண்டு முதலமைச்சர்களையும் இந்தக் கரை தராசில் வைத்துப் பார்த்தது. யார் முதலில் வந்தார், எந்தக் கப்பல் தேடப் போனது, எவ்வளவு தொகை. இறந்தவர் குடும்பத்துக்குத் தமிழ்நாடு முதலில் பத்து லட்சம் என்றது. கேரளம் இருபது என்றது. பிறகு இங்கும் இருபது ஆனது. பக்கத்து வீட்டு அடுப்பு தெரிகிற மாதிரி வீடு இருந்தால் அதில் ஒரு லாபமும் உண்டு.

சாயங்காலம் கோயில் மணி அடித்து ஓய்ந்தது. முட்டம் கலங்கரை விளக்கின் வெளிச்சம் சுழல ஆரம்பித்தது. பையன் இரண்டு பத்திகளையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, "பாட்டா, வலப்பக்கத்துல பட்டம் பேரு ரெண்டு மட்டம் இருக்கு. ரெண்டாவது தடவை என்ன செஞ்சாரு?" என்று கேட்டான்.

பெரியப்பா ஊசியைக் கீழே வைத்தார்.

1954இல் பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு அங்கே பத்தொன்பது உறுப்பினர்கள். காங்கிரஸ் தாங்கிப் பிடிக்க, பட்டம் முதலமைச்சர். அந்த ஆகஸ்ட் 11 அன்று, தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பெரியப்பாவுக்கு அப்போது பதினாறு வயது. "மார்த்தாண்டத்துல வெடி வச்சிட்டானுவ" என்று இருட்டும் நேரத்தில் யாரோ ஓடிவந்து சொன்னதும், கரையில் மீன் ஏலம் பாதியில் நின்றதும் அவருக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

"எல்லாவனும் திட்டினான். அது பெருசில்ல மக்களே. அந்தக் கட்சிக்காரனே ஒருத்தன் கேட்டான் பாரு, சனத்தச் சுட்டுட்டு நீ எப்படி நாக்காலில இருப்பேன்னு."

அவர் சொன்னது ராம் மனோகர் லோகியாவை. கட்சியின் பொதுச் செயலாளர். உத்தரப் பிரதேசத்துச் சிறையிலிருந்தபடியே, நாட்டில் தம் கட்சிக்கு இருந்த ஒரே முதலமைச்சரைப் பதவி விலகச் சொன்னார். பட்டம் விலகவில்லை. நாகபுரியில் கூடிய கட்சி பட்டத்தின் பக்கம் நின்றது. விலகியது லோகியாதான், தம் பொறுப்பிலிருந்து. சில மாதத்தில் காங்கிரஸ் கையை எடுத்ததும் அந்த ஆட்சியும் விழுந்தது.

பையன் பேனாவைத் திறந்து, "லோகியா எத்தனையாவது முதலமைச்சர் பாட்டா?" என்றான்.

"அவரு ஒண்ணும் ஆகல்ல."

எந்தப் பக்கத்துப் பத்தியில் எழுதுவது என்று அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, நான் கிழித்த கோட்டின் மேலேயே அந்தப் பெயரை எழுதிவிட்டு, மறுபடி ஓமந்தூராரிலிருந்து தொடங்கினான். நான்காவது பெயர் வந்தபோது பெரியப்பா ஊசியைக் கையில் எடுத்தார்.