குளவிக்குக் காட்டிய பொறுமை கைபேசிக்கு இல்லையா?

மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28 அன்று பிறப்பித்த உத்தரவின் சாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், அரட்டை போன்ற செயலிகளை எந்த எண்ணில் பதிவு செய்தோமோ அந்த சிம் கார்டு அதே கைபேசிக்குள் இருந்தால்தான் இனி அவை ஓட வேண்டும். கணினியில் திறந்து வைக்கும் வாட்ஸ்அப் வெப் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தானாக வெளியேறிவிட வேண்டும். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துதான் மறுபடி உள்ளே வர முடியும். செயலி நிறுவனங்களுக்கு 90 நாள் கெடு. 120 நாளுக்குள் அறிக்கை.

விதி எண்களுக்கும் பிரிவு எண்களுக்கும் குறைவில்லாத அந்த உத்தரவில், இதை எந்த ஊரில், எத்தனை பேரிடம், எத்தனை நாள் ஓட்டிப் பார்த்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. ஓட்டிப் பார்த்ததாக அரசுத் தரப்பில் யாரும் வாய் திறந்ததாகவும் தெரியவில்லை.

ஓட்டிப் பார்ப்பதற்குத் தில்லியிலிருந்து நிபுணர் குழு வர வேண்டியதில்லை. சேலம் மாவட்டம் வாழப்பாடி பேருந்து நிலையத்தை ஒட்டிய ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் அரை மணி நேரம் நின்றால் போதும். ஆதார் நகல், பட்டா, சிட்டா, கல்லூரி விண்ணப்பம் என்று எதுவானாலும், “அண்ணா, உங்க நம்பருக்கு அனுப்பிட்டேன், ரெண்டு காப்பி போடுங்க” என்பதுதான் இன்றைய நடைமுறை. கடை எண்ணுக்குரிய சிம், முதலாளியின் சட்டைப் பையிலுள்ள கைபேசியில். கடைக் கணினியில் காலையிலிருந்து வாட்ஸ்அப் வெப் திறந்தே கிடக்கும். வேலைக்கு இருக்கிற பெண் வருகிற கோப்புகளை வரிசையாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார். முதலாளி காகிதக் கட்டு வாங்கச் சேலம் போயிருக்கும் நேரத்தில், மதியம் மூன்று மணிக்குக் கணினி தானாக வெளியேறினால் என்ன ஆகும்? ஸ்கேன் செய்யக் கைபேசி கடையில் இல்லை. அன்றைக்கே கடைசித் தேதி என்று விண்ணப்பத்தோடு நிற்கிறவர் அடுத்த கடைக்கு ஓட வேண்டும். அங்கேயும் இதே கதையாக இருந்தால் விண்ணப்பம் அவ்வளவுதான்.

இது ஒன்றுதானா? சிம் கார்டைப் பட்டன் போனில் போட்டுக்கொண்டு, மகன் கழித்துக் கொடுத்த கண்ணாடி விரிசல் விட்ட ஸ்மார்ட்போனில் வைஃபை பிடித்துப் பேரக் குழந்தையின் முகம் பார்க்கிற அப்பத்தாக்கள் நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர். சிங்கப்பூரில் வேலை செய்கிற பையன், அந்த ஊர் சிம்மைப் போட்டுக்கொண்டு நம்மூர் சிம்மைக் கழற்றிப் பத்திரப்படுத்தி வைத்திருப்பான். அவனுடைய வாட்ஸ்அப் எண் மட்டும் பழையதுதான். வீட்டாருக்குத் தெரிந்த எண்ணும் அதுதான். சிம் கைபேசிக்குள்ளேயே இருந்தால் வெளிநாட்டில் ரோமிங்கில் இருப்பவருக்குச் சிக்கல் இல்லை என்று துறை விளக்கம் கொடுத்திருக்கிறது. ஒற்றை சிம் போன் வைத்திருப்பவன் என்ன செய்வான் என்பது அந்த விளக்கத்துக்குள் வரவில்லை. ஐபோனிலோ சிம்மின் அடையாள எண்ணைச் செயலிகள் படிக்க ஆப்பிள் நிறுவனம் விடுவதே இல்லை. ஒரே ஒரு ஊரில் பதினைந்து நாள் சோதித்திருந்தால் இத்தனையும் மேலே வந்திருக்கும்.

பதினைந்து நாள் என்று வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. கூகுள் பிளே ஸ்டோரில் ஒரு விதி இருக்கிறது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்குத் தொடங்கிய எவரும், தான் செய்த செயலியை நேரடியாகப் பொதுமக்களுக்கு வெளியிட முடியாது. முதலில் சோதனைப் பதிப்பை ஒரு சிறு குழுவுக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் குழு தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் 20 பேர் என்று இருந்ததை 2024 டிசம்பரில் 12 பேராகக் குறைத்தார்கள்.

இந்த எண்களைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: 12 பேர், 14 நாள். சேலத்தில் பொறியியல் படிக்கிற ஒரு மாணவன் மாதச் சீட்டுக் கணக்கு எழுத ஒரு குட்டிச் செயலி செய்தாலும், அறைத் தோழர்கள், ஒன்றுவிட்ட தம்பி, டீக்கடை அண்ணன் என்று 12 பேரைச் சம்மதிக்க வைத்து, அவர்கள் நடுவில் விலகிவிடாமல் 14 நாள் காபந்து பண்ண வேண்டும். அவன் செயலியில் பிழை இருந்தால் யாருக்கு நஷ்டம்? மிஞ்சிப்போனால் ஒரு சீட்டுக் குழுவுக்கு. இந்தியாவில் வாட்ஸ்அப்பை மட்டும் பயன்படுத்துவோர் 50 கோடிக்கு மேல். அத்தனை பேர் கையிலும் இருக்கிற ஒரு பொருளின் அடிப்படை நடத்தையை மாற்றுகிற துறைக்கு, வெளியில் சொல்லும்படியாக ஒரு சோதனையாளர்கூடக் கிடையாது, ஒரு நாள்கூடக் கிடையாது. மாணவனுக்கு இருக்கிற கட்டுப்பாடு மத்திய அரசுக்கு இல்லை. இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் ஆறவில்லை.

அரட்டை செயலிக்கு நேர்ந்ததும் இதன் இன்னொரு முகம். ஜோஹோ நிறுவனம் 2021 ஜனவரியில், வாட்ஸ்அப்பின் புதிய தனியுரிமைக் கொள்கை கிளப்பிய களேபரத்துக்கு நடுவே, சத்தமில்லாமல் அதைச் சோதனை முயற்சியாக வெளியில் விட்டது. நாலு வருடத்துக்கு மேல் தன் போக்கில் வளர்ந்துகொண்டிருந்தது. 2025 செப்டம்பரில் சுதேசி முழக்கம் எழுந்தது. மத்தியக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் எக்ஸ் தளத்தில் அரட்டைக்கு மாறச் சொல்லி அழைப்பு விடுத்தார். ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில், மூன்றே நாளில் அது 3,50,000 ஆனதாக ஜோஹோவின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவே எழுதினார். நவம்பரில் பெரிய வெளியீடு ஒன்றைத் திட்டமிட்டிருந்ததாகவும், இப்போது அவசர அவசரமாகக் கட்டமைப்பை விரிவாக்கிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அந்த நேரத்தில் அரட்டையில் அழைப்புகளுக்கு முழுமையான மறையாக்கப் பாதுகாப்பு இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. தனிநபர் உரையாடல்களுக்கு அது வந்தபோது நவம்பர் ஆகிவிட்டது. அதற்குள் வந்த கூட்டம் கலைந்து, செயலிக் கடைகளின் முதல் நூறு இடங்களில் அரட்டையைக் காணோம்.

இதில் ஜோஹோவைக் குறைசொல்ல எதுவும் இல்லை. தென்காசிப் பக்கம் கிராமத்தில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் விற்கிற நிறுவனத்துக்கு எதை எப்போது கடைக்கு அனுப்புவது என்று தெரியும். பிஞ்சைப் பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோனவர்கள் அமைச்சர்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுச் சேர்ந்த லட்சக்கணக்கானோர், தாங்கள் சோதனையில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் உள்ளே போய்த் தெரியாமலே வெளியே வந்தார்கள். நல்ல உள்நாட்டுச் செயலி ஒன்றுக்கு ஒரே ஒரு முறைதான் முதல் வாய்ப்பு கிடைக்கும். அதை வீணடித்தது வெளிநாட்டுச் சதி அல்ல, தில்லியின் அவசரம்.

சோதனை என்றால் எப்படி நடக்க வேண்டும் என்று அறிய இவர்கள் கலிஃபோர்னியா போக வேண்டாம், ஏத்தாப்பூர் வரலாம். வாழப்பாடியிலிருந்து ஆத்தூர் போகும் வழியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கிழங்கு போட்டவர்களுக்கு 2020க்குப் பிறகு வந்த மாவுப்பூச்சியை மறக்க முடியாது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்தப் பூச்சி இந்தியாவில் முதலில் கேரளத்தில் தென்பட்டது. வேகமாக இங்கே பரவியது. குருத்து கொத்துக் கொத்தாகச் சுருங்கிப்போகும், இலை விரியாது, கிழங்கு பெருக்காது. சேகோ ஆலைக்கு லோடு அனுப்ப வேண்டியவர்கள் மருந்துக் கடை வாசலில் நின்றார்கள்.

இதற்கு ஒரு மாற்று உலகத்துக்குத் தெரிந்திருந்தது. ஆப்பிரிக்காவின் மரவள்ளிக் காடுகளை இதே பூச்சி சூறையாடியபோது, 1980களில் அங்கே காப்பாற்றியது அனாகிரஸ் லோபெசி என்ற பொடிக் குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே அதைத் தின்று தீர்க்கிற ஒட்டுண்ணி. பின்னர் தாய்லாந்திலும் வேலை செய்தது. ஆக, கண்டம் விட்டுக் கண்டம் நிரூபித்த குளவி. தோட்டக்காரர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நம் அமைச்சர்களின் வேகத்தில் போயிருந்தால் மறுநாளே விமானத்தில் கொண்டுவந்து திறந்துவிட்டிருக்க வேண்டும்.

அப்படிச் செய்யவில்லை. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் வள மையம் 2021இல் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியை வாங்கியது. வாங்கியதைத் தனிமைப்படுத்திப் பூட்டி வைத்தது. மாவுப்பூச்சியை விட்டுவிட்டு நன்மை செய்யும் மற்ற பூச்சிகள் மேல் பாயுமா, நம் தட்பவெப்பத்தில் பிழைக்குமா, பெருகுமா என்று பார்த்தது. அனுமதி வாங்கியது. 2022 மார்ச் 7 அன்றுதான், விவசாயிகளைக் கூட்டி வைத்து, அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஏத்தாப்பூரில் முதன்முதலாக வெளியில் விட்டார்கள். அந்த நிலையத்திலிருந்து ஒரு புது மரவள்ளி ரகம் வெளிவருவதற்கும் இதே பாடுதான். முதலில் நிலையத்து வயல், பிறகு பல ஊர்களில், பிறகு விவசாயி தன் காட்டிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். கிழங்கு முதிர எட்டு, பத்து மாதம் ஆகும் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வருடம். எறும்பைவிடச் சிறிய ஒரு பூச்சிக்கும், ஒரு கிழங்குக் குச்சிக்கும் இருக்கிற இந்த ஒழுங்கில் பத்தில் ஒரு பங்குகூட நம் கைபேசிக்குள் நுழையும் உத்தரவுக்கு இல்லை.

இங்கே தேசப் பாதுகாப்புக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். சைபர் மோசடியில் 2024இல் மட்டும் ரூ.22,800 கோடிக்கு மேல் போயிருக்கிறது என்று அரசே சொல்கிறதே, சோதனை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமா என்பார்கள். மாவுப்பூச்சி தின்றதும் பணம்தான். அதற்காகக் குளவியைச் சோதிக்காமல் விடவில்லை. தவிரவும், சிம் பெட்டிகளில் நூற்றுக்கணக்கான இந்திய சிம்களை அடுக்கி வைத்து மோசடி செய்கிறவனுக்குச் சிம் கைபேசிக்குள் இருக்க வேண்டும் என்ற விதி ஒரு பொருட்டே அல்ல. அப்பத்தாவுக்குத்தான் பொருட்டு. செல்போன் நிறுவனங்களின் சங்கம் இந்த உத்தரவை வரவேற்றிருக்கிறது. வரவேற்காமல் என்ன செய்யும்? சிம் உயிரோடு இருந்தால்தான் ரீசார்ஜ் ஓடும். வாட்ஸ்அப்புக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி இடத்தை வீணாக்கப் போவதில்லை.

யுபிஐ செயலிகளும் சிம்மைச் சரிபார்க்கின்றனவே என்பது இவர்கள் கையிலுள்ள கடைசிச் சீட்டு. அந்தச் சீட்டு இவர்களுக்கே எதிரானது. 2016 ஏப்ரல் 11 அன்று அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் யுபிஐயைத் தொடங்கி வைத்தபோது அது 21 வங்கிகளோடு நடந்த வெள்ளோட்டம். பொதுமக்களுக்கான செயலிகள் ஆகஸ்ட் 25க்குப் பிறகுதான் பிளே ஸ்டோருக்கு வரத் தொடங்கின. நாலு மாதம் பொறுத்தார்கள். இன்று வாழப்பாடிச் சந்தையில் கீரைக்கட்டு விற்கிற அம்மாவின் கூடையிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது என்றால், அதில் அந்த நாலு மாதப் பொறுமைக்கும் பங்கு உண்டு.

பொறுமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளது. சிம் உத்தரவு வந்த அதே நவம்பர் 28 தேதியிட்டு, புதிதாக விற்கும் எல்லாக் கைபேசியிலும் அரசின் ‘சஞ்சார் சாத்தி’ செயலியைப் பதிந்தே தர வேண்டும் என்று இன்னொரு உத்தரவு போனது. விஷயம் வெளியே வந்ததும் நாடே கொதித்தது. வேண்டாம் என்றால் அழித்துக்கொள்ளலாம் என்று அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா சமாதானம் சொன்னார். டிசம்பர் 3 அன்று உத்தரவே வாபஸ். ஒரு வாரம்கூடத் தாங்காத ஒன்றை 140 கோடிப் பேருக்கு எழுதியவர்கள், அதே நாளில் எழுதிய மற்றொன்று மட்டும் பிழையில்லாதது என்று நம்பச் சொல்கிறார்கள்.

சிம் உத்தரவு, அரட்டை, சஞ்சார் சாத்தி மூன்றிலும் நோய் ஒன்றுதான்: சோதித்துப் பார்க்காமல் ஊருக்கு விடுவது. எனவே மருந்தும் ஒன்றுதான். வெள்ளோட்ட அறிக்கை இல்லாத எந்த டிஜிட்டல் உத்தரவும் செல்லாது என்று நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவர வேண்டும். யாரிடம் சோதித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கெட்டது, எதைத் திருத்தினார்கள் என்பது அந்த அறிக்கையில் இருக்க வேண்டும். சோதனையில் இருப்பவருக்குத் தான் இருப்பது சோதனையில் என்று தெரிந்திருக்க வேண்டும். வேண்டாம் என்றால் விலக வழி இருக்க வேண்டும். அதுவரை சிம் உத்தரவை நிறுத்தி வைப்பதே நியாயம்.

நிறுத்த மனம் வராதென்றால், முதல் 90 நாள் அதைத் தொலைத்தொடர்புத் துறையின் தலைமையகமான சஞ்சார் பவன் அதிகாரிகள், அமைச்சர்கள், அவர்களின் உதவியாளர்கள் ஆகியோரின் கைபேசிகளிலும் கணினிகளிலும் மட்டும் அமல்படுத்தட்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்கள் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யட்டும். தாங்கினால் அடுத்து ஒரு வட்டத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். அது வாழப்பாடி வட்டமாகவே இருந்தாலும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே நிபந்தனை: கேட்டுவிட்டு வரட்டும்.