கடலில் சிவப்பு விளக்கு என்றால் 'நில்' என்று அர்த்தமல்ல!

ரோட்டில் சிவப்பு எரிந்தால் நிற்போம், பச்சை எரிந்தால் போவோம். கடலில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே இந்த இரண்டு நிறங்களும் சொல்வது இடது, வலது.

நம் நாட்டுத் துறைமுகத்துக்குள் கடலிலிருந்து நுழையும்போது சிவப்பு மிதவை படகின் இடப்பக்கமும், பச்சை மிதவை வலப்பக்கமும் இருக்க வேண்டும். நடுவில்தான் ஆழமான பாதை. வெளியே போகும்போது இது தலைகீழ். அமெரிக்கா, ஜப்பானிலோ நுழையும்போதே பச்சை இடது, சிவப்பு வலது!

கறுப்பு மிதவையில் சிவப்புப் பட்டை, உச்சியில் இரண்டு கறுப்பு உருண்டைகள் தெரிகிறதா? அங்கே நீருக்கடியில் பாறையோ, மூழ்கிய கப்பலோ இருக்கிறது. விலகிப் போய்விட வேண்டும்.

இதெல்லாம் சும்மா வந்த விதிகள் அல்ல. 1971 ஜனவரியில் இங்கிலீஷ் கால்வாயில் 'டெக்சாகோ கரீபியன்' என்ற கப்பல் மோதலில் மூழ்கியது. மறுநாளே அதன் மீது 'பிராண்டன்பர்க்' மோதி மூழ்கியது. அந்த இடத்தில் எச்சரிக்கை விளக்குகள் வைத்த பிறகும், பிப்ரவரியில் 'நிக்கி' என்ற கப்பல் அங்கேயே மோதி, அதிலிருந்த அனைவரோடும் மூழ்கியது. அப்போது உலகில் 30-க்கும் மேற்பட்ட மிதவை முறைகள் இருந்தன. அந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்டத்தான் இன்றைய பொது முறை வந்தது.

சரி, இருட்டில் எதிரே வரும் படகை எப்படிப் புரிந்துகொள்வது? எல்லா படகுக்கும் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை விளக்கு. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால், அது நேராக உங்களை நோக்கி வருகிறது. இன்ஜின் படகுகள் என்றால் இரண்டுமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். உங்கள் வலப்பக்கத்தில் குறுக்கே வரும் படகின் சிவப்பு விளக்கு தெரிந்தால், வழிவிட வேண்டியது நீங்கள்தான். பச்சைக்குக் கீழே வெள்ளை என்றால், இழுவலை போட்டு மீன்பிடிக்கும் படகு. சிவப்புக்குக் கீழே வெள்ளை என்றால், வேறு வலையோ தூண்டிலோ போட்டிருக்கிறார்கள்.

7 மீட்டருக்கும் குறைவான, மெதுவாகப் போகும் இன்ஜின் படகாக இருந்தாலும், சுற்றிலும் தெரியும்படி ஒரு வெள்ளை விளக்காவது எரிய வேண்டும். துடுப்புப் படகில் ஒரு டார்ச்சாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெரிய கப்பல் நினைத்தவுடன் நிற்காது. அதன் மேல்தளத்தில் இருப்பவருக்கு, விளக்கில்லாத படகு கண்ணிலேயே படாது.

அடுத்த முறை மாலை நேரத்தில் குடும்பத்தோடு படகில் ஏறுகிறீர்களா? லைஃப் ஜாக்கெட் கேட்கும்போதே, "அண்ணே, லைட் எரியுதா?" என்றும் கேட்டுவிடுங்கள்.