தும்பைக்கும் ஓர் இடம் வேண்டும்

மகா சிவராத்திரியன்று வில்வமும் தும்பையும் சாற்றி ஈசனை வழிபடுவது நம் முன்னோர் வழக்கம். எங்கள் ஆலயத்தில் கடந்த சிவராத்திரியன்று வில்வம் இருந்தது; விமானத்தில் வந்த மல்லிகையும் இருந்தது; தும்பை மட்டும் இல்லை. ஆண்டுதோறும் ஆலயத்தின் பின்புறம் தும்பை பறிக்கும் மூதாட்டி ஒருவர், வெறுங்கூடையுடன் வந்து, "தம்பி, செடியெல்லாம் எங்கே?" என்று வினவினார். விடை கூற இயலாமல் நின்றேன். அவ்விடத்தில் சிமெந்துத் தளம் இடவும், எஞ்சிய ஓரங்களில் களைக்கொல்லி தெளிக்கவும் நிர்வாகக் குழு எடுத்த தீர்மானத்தில் கையொப்பமிட்டவன் நானே.

ஆலயத் தூய்மை இன்றியமையாதது. ஆயினும் தும்பையைக் களையென்று எண்ணியது எங்கள் பிழை. தும்பை இனச் செடிகள் தமிழகத்தைப் போலவே மலேசிய மண்ணிலும் இயல்பாக வளர்பவை. முளைத்து, பூத்து, விதை உதிர்த்து, ஓராண்டுக்குள் மடிபவை. விதை விழும் மண்ணை மூடிவிட்டால் மறு தலைமுறை இல்லை.

அதன் சிறு வெண்பூவின் அடியில் தேன் உண்டு. சிறுவயதில் நாம் உறிஞ்சிச் சுவைத்ததுதான். அதை நாடித் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வருகின்றன. பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கும்; தேனீ மகரந்தத்தைக் கொண்டு சேர்த்தால்தான் காய் பிடிக்கும். நாம் திருஷ்டி கழிக்க உடைக்கும் பூசணியும் அச்சிற்றுயிரின் உழைப்பால் விளைந்ததே.

செடி வளர்ந்தால் பாம்பு அடையும் என்பார் சிலர். புதர்க்காட்டை வளர்க்கச் சொல்லவில்லை. வெயில் படும், நீர் தேங்காத இடத்தில் பத்தடிப் பாத்தி ஒன்று போதும். கார்த்திகையில் விதையைத் தூவி, மெல்லிய மண்ணால் மூடி நீர் தெளித்து வந்தால், மாசி சிவராத்திரிக்குப் பூக்களை எதிர்பார்க்கலாம். பூச்சிமருந்து கூடாது. பூக்களில் பாதியை இறைவனுக்குப் பறித்து, மீதியைத் தேனீக்கும் விதைக்கும் விட்டுவிட வேண்டும். காய்ந்த செடியை விதை உதிர்ந்த பின்னரே அகற்ற வேண்டும்.

தளத்தின் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுக்க அடுத்த கூட்டத்தில் நானே முன்மொழிய இருக்கிறேன். பிற ஆலய நிர்வாகத்தினர், சிமெந்து கொட்டுமுன் ஒருமுறை குனிந்து மண்ணைப் பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அந்த மூதாட்டியின் கூடை மீண்டும் நிறைய எம்பெருமான் அருள்புரிவானாக.