அட்டையில ஆயிரம்... கட்டையில அறுநூறு!

செமஸ்டர் லீவுக்கு காரவள்ளி போயிருந்தேன். கொல்லிமலைக்கு டூர் அடிச்சவங்களுக்குத் தெரியும், எழுபது கொண்டை ஊசி வளைவும் ஆரம்பிக்கிற அடிவாரம். எல்லாரும் அங்கே டீயைக் குடிச்சுட்டு மேலே ஏறிடுவாங்க. நான் ஏறலை. காரணம், ஃப்ரெண்ட் வீட்டுப் பரண்ல ஒளிச்சு வெச்சிருந்த ஏர் ரைஃபிள்!

பையனுக்கு காலேஜ் ஷூட்டிங் டீம்ல சேரணும்னு வெறி. ஒரு வருஷப் பாக்கெட் மணியை மிச்சம் பிடிச்சு வாங்கிட்டான். அட்டைப்பெட்டியில கொட்டை எழுத்துல 'விநாடிக்கு 1,000 அடி'. "மச்சி, இதை லைசென்ஸ் இல்லாம வெச்சிருக்கலாமாடா?"ன்னு கேட்டப்போ, அவன் குரல்ல பெருமையைவிட உதறல்தான் ஜாஸ்தி.

உதறல் நியாயம்தான். 2016-ம் வருஷத்து ஆயுத விதிகள்படி, ஏர் ரைஃபிளோட ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ, குழாயோட உள்விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேணும். ப்ளஸ் டூ ஃபிசிக்ஸை எடுங்க... அரை எம்.வி. ஸ்கொயர். 1,000 அடின்னா 305 மீட்டர். அரை கிராம் ஈய பெல்லட் போட்டா 23 ஜூல். மாட்டினான் பையன்! அதே வேகத்துல 0.32 கிராம் அலாய் பெல்லட் போட்டா 15 ஜூல்தான். தப்பிச்சான்! பெட்டியில எந்த பெல்லட்னு ஒரு வரி இல்லை. எடை சொல்லாம வேகம் மட்டும் சொல்றது, கிலோவா கால் கிலோவான்னு சொல்லாம பலாச்சுளைக்கு விலை சொல்ற மாதிரி.

ஏர்கன் பெட்டி மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. கைத்துப்பாக்கித் தோட்டா கம்பெனிகளோட பழைய கேட்லாக்குகளைப் பாருங்க. 1935-ல வந்த .357 மேக்னம், 10.2 கிராம் குண்டு, விநாடிக்கு 1,550 அடி! இன்னிக்கு அதே எடைக்குப் போடுறது 1,235 அடி. ஆற்றல் 1,140 ஜூல்ல இருந்து 724-க்கு இறங்கிடுச்சு. மருந்தும் மாறியிருக்கு, ஆனா அளக்கிற குழாயும் மாறியிருக்கு. அப்போ எட்டே கால் அங்குலத்துக்கும் மேல நீளமான குழாய். இப்போ 4 அங்குலம், அதுலயும் ஒரு இடைவெளி விட்டு அளக்கிறாங்க. நிஜ ரிவால்வர்ல உருளைக்கும் குழாய்க்கும் நடுவுல சந்து இருக்குல்ல, அது வழியா கேஸ் கசியும். கான்பூர்ல 2014-ல அறிமுகமான அரை கிலோ 'நிர்பீக்' மாதிரி கைக்கு அடக்கமான ரிவால்வர்ல சுடுறவங்க, நீளக் குழாய்ல அளந்த நம்பரை நம்பினா அம்போதான். வேகத்துல கொஞ்சம் ஏமாந்தாலே ஆற்றல்ல நிறைய ஏமாந்துடுவோம். ஸ்கொயர் பாஸ், ஸ்கொயர்!

சரி, நம்ம கதைக்கு வருவோம். வேகம் அளக்கிற கருவிக்குக் காசில்லை. ஆனா 1742-லயே பெஞ்சமின் ராபின்ஸ்னு ஒரு இங்கிலாந்துக்காரர் எழுதி வெச்ச ஐடியா இருக்கு. கட்டையைத் தொங்கவிடு, சுடு, எவ்வளவு ஆடுதுன்னு பார்!

மாட்டுக் கொட்டகையில ஒரு மீட்டர் கயித்துல வேப்பங்கட்டையைக் கட்டினோம். குண்டு தெறிச்சுத் திரும்பினா கணக்கு எகிறிடும்கிறதால முகப்புல களிமண் அப்பி, மொத்தம் 500 கிராம். மளிகைக்கடைத் தராசு உபயம். பின்னாடி மணல் மூட்டை. மாட்டை முன்னாடியே தோப்புக்கு ஓட்டியாச்சு! மூணு மீட்டர் தள்ளி நின்னோம், கிட்டப் போனா காத்தே கட்டையைத் தள்ளிடும். பெட்டி சொல்றது நிஜம்னா, அரை கிராம் பெல்லட்டுக்குக் கட்டை 9.7 சென்டிமீட்டர் நகரணும்.

முதல் ஷாட், 6 சென்டிமீட்டர். அடுத்தது 5.8. அப்புறம் 6.2. பத்து ஷாட்டும் அதுக்குள்ளேயேதான். உந்த அழிவின்மை விதியில போட்டா விநாடிக்கு 188 மீட்டர், அதாவது 617 அடி. ஆற்றல் ஒன்பது ஜூல்கூட இல்லை!

பையன் முகம் தொங்கிடுச்சு. "ஏமாத்திட்டாங்கடா"ன்னான். எனக்குச் சிரிப்பு. லைசென்ஸ் பயம் போச்சுல்ல? அதோட, 10 மீட்டர் போட்டிக்கு வேகம் யாருக்கு வேணும்? 2008 பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கின போட்டி அது. பத்துப் பாயின்ட் புள்ளியோட விட்டமே அரை மில்லிமீட்டர். போட்டி ரைஃபிள்களே விநாடிக்கு 170 மீட்டர் ரேஞ்சுலதான் சுடும். பையன் கவலைப்பட வேண்டியது பத்து ஷாட்டும் ஒரே இடத்துல விழுதான்னுதான். களிமண்ணைப் பார்த்தா... அம்மை போட்ட மாதிரி இருந்துச்சு!

இவ்வளவு நேரமும் திண்ணையில உட்கார்ந்து பார்த்துட்டிருந்த அவனோட அம்மாயி வாயைத் திறந்தாங்க. "ஏன் கண்ணு, நம்ம ஓரி ராசா ஒரே அம்புல ஆனை, புலி, மானு, பன்னி, உடும்பு அஞ்சையும் சாய்ச்சாரே... அதுக்கு எத்தனை ஜூலு வரும்?"

ஆடி மாசம் செம்மேட்டுல வல்வில் ஓரி விழா நடக்குறப்போ வருஷா வருஷம் கேட்கிற கதையாச்சே! காலேஜ் திரும்பினதும் லைப்ரரியில புறநானூறு 152-ஐத் தேடிப் பிடிச்சேன். வன்பரணர் அஞ்சு மிருகத்தையும் வரிசையாச் சொல்றார். அம்போட எடையை மட்டும் அவரும் சொல்லலை!